சாயாத சக்கரம்

இடது ஷூவைத்தான் முதலில் மாட்டுவது. யோசித்து வந்த வழக்கம் இல்லை அது, கை தானாகப் போய் எடுக்கும், கால் தானாக நீளும், யாரோடாவது பேசிக்கொண்டே அமராவதி கட்டி முடித்திருப்பாள். இன்றைக்குக் கை மடியிலேயே கிடந்தது. ஷூ இரண்டும் பெஞ்சுக்கு அடியில் வாயைப் பிளந்து, நாக்கு ஒருபக்கமாகத் தொங்க, வெயில் தாங்காமல் படுத்திருக்கிற நாய்களைப் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் வாசம் வந்தது. இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கிறது, வீட்டுக்காரர் தெய்வசிகாமணி பட்டறையில் ஒரு மூலையில் வைத்திருப்பார், நேற்றுச் சாயங்காலம் வாசலில் மணை போட்டு உட்கார்ந்து, பவுடர் டப்பா மூடியில் அதை ஊற்றி, சக்கரத்துப் பேரிங்கை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊறப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளும் செய்யச் சொல்லவில்லை, அவரும் செய்யட்டுமா என்று கேட்கவில்லை. பரண்மேலிருந்து பையை இறக்கச் சொன்னாள், இறக்கினார், பைக்குள் இருப்பதைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மண்ணெண்ணெயைத் தேடிப் போனார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டை போட்டிருந்தால் இந்நேரம் கோபத்திலேயே லேஸைக் கட்டி முடித்திருப்பாள். தகரக் கூரையை ஆடிக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயமுத்தூருக்குள் வருகிற காற்று, முதல் வேலையாக இந்த ஸ்கேட்டிங் ரிங்க்குக்கு வந்து வாதாம் மரத்து இலையையெல்லாம் தரையில் கொட்டிவிட்டுத்தான் ஊருக்குள்ளே போகும் என்று ஃபிலோமினா சொல்லுவாள். ஃபிலோ இப்போது அதைத்தான் கூட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் இதே தரையில் அவளோடு சக்கரம் கட்டியவள், இப்போது இதே தரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், சாவி அவளிடம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பு கிடையாது, வாடி, யாரும் இருக்க மாட்டார்கள், நீ விழுந்தால்கூட நானும் அண்ணனும்தான் பார்ப்போம் என்று போனில் சொன்னாள். விழுந்தால் என்கிற சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல ஊரில் அவள் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்களெல்லாம் போன வருஷத்தை, அந்த இது ஆனப்போ, அந்த சமயத்துல, என்று சுற்றிக்கொண்டு போகிறார்கள், தரையில் கிடக்கிற ஈரத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

"ஏண்டி அமரு, லேஸ் கட்டறதுக்கே பொழுது போயிருமாட்ட இருக்குது."

"கட்டறேன் இரு. நீ முதல்ல ஒழுங்காக் கூட்டு. அந்த ஓரத்துல குச்சி கெடக்குது பாரு."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஏனுங்ணா, நீங்க எதுக்குத் தூணாட்டம் நிக்கறீங்க? உக்காருங்க. உங்களையா ஓடச் சொல்லுது?"

தெய்வசிகாமணி உட்காரவில்லை. "இருக்கட்டும்," என்றார். கம்பி வேலி ஓரமாக நின்று, இரும்புக் குழாயை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், ஒரு வெல்டிங் விட்டுப் போயிருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். அவருக்குக் கம்பியைக் கண்டால் போதும். பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிற மனுஷன், லேத்தில் நின்று நின்று தோள் ஒருபக்கம் இறங்கிப்போன மனுஷன், அவருடைய கவலை எல்லாம் இரும்பாகத்தான் வெளியே வரும். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்றைக்கு வீட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடி இருந்தது, பளபளவென்று ஸ்டீல், அவரே வளைத்து அவரே திருகியது. நல்லதாய்ப்போயிற்று என்று நினைத்தாள். அடுத்த வாரம் கக்கூஸில் ஒன்று. அப்புறம் அடுப்படி மேடை ஓரமாக நீளமாக ஒன்று, அப்புறம் கட்டில் பக்கத்தில், பூஜை அறை நிலையில், கொல்லைப் படியில், டீவிக்குக் கீழே எதற்கென்றே தெரியாமல் ஒன்று. சிங்காநல்லூரிலிருந்து வந்த அவருடைய அத்தை மகன் உள்ளே நுழைந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, ஊட்டுக்குள்ள டவுன் பஸ் ஓட்டறீங்களா? உக்கடத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்துவிட்டு, அத்தை மகன் போனபிறகு வாசல் தூணில் இன்னொன்று அடித்தார். குளியலறைத் தரையை முழுக்கப் பெயர்த்துவிட்டுச் சொரசொரவென்று கல் பதித்தார், காலில் குத்துகிறது என்று அவள் சொன்னதற்கு, "குத்தட்டும்," என்றார், வேறு எதற்குமே அவர் அப்படிச் சொன்னதில்லை. ஏனென்றால் அவள் விழுந்து கிடந்ததை அவர்தான் பார்த்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் முகம், குழாய்த் தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, சோப்பு நுரையில் அவள் கிடக்கிறாள், வலி இன்னும் வந்து சேரவில்லை, சத்தம் மட்டும்தான் வந்திருந்தது, உள்ளேயிருந்து, டப் என்று, காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி, தன் உடம்புக்குள்ளிருந்தா இந்தச் சத்தம் என்று ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு, அந்த ஆச்சரியத்தோடு நிமிர்ந்து பார்த்தால் அந்த முகம். வலியை மறந்துவிட்டாள், இடுப்புக்குள் வைத்திருக்கிற கம்பியைக்கூட மழைநாள் தவிர மற்ற நாளில் மறந்துவிடுகிறாள், அந்த முகத்தை மறக்க முடியவில்லை. இத்தனை வருஷம் சக்கரத்தின் மேல் பறந்தவள், சிமெண்டிலும் மரத் தரையிலும் எத்தனை ஊரில், ஒரு நகம் பெயர்ந்ததில்லை, சொந்த வீட்டில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள், அவளே சிரித்தாள், ஆஸ்பத்திரியில் ஃபிலோ வந்தபோது இருவருமாகத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள், இவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி. இடது. குனிந்து எடுத்தாள். தோல் அவள் காலை மறந்திருக்கும் என்று நினைத்தாள், மறக்கவில்லை, கட்டைவிரல் எலும்பு புடைத்திருக்கிற இடத்தில் அதுவும் புடைத்திருந்தது, உள்ளே போனதும் குதிகால் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, வீட்டுக்கு வந்தவர்கள் தங்கள் பழைய நாற்காலியில் உட்காருவது போல. ஃபிலோவிடம் அவள் பேசி வைத்திருந்தது ஒன்றுதான். இன்றைக்கு ஒரு வளையம். இடது காலில், ஒற்றைக் காலில், ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வந்தால் ஷூ வீட்டுக்கு வரும். வராவிட்டால் இந்த பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போகிறேன், நீயே வைத்துக்கொள். "எனக்கு எதுக்குடி உன்ற ஷூ, என்ற காலு படகாட்டம்," என்றாள் ஃபிலோ. உன் பிள்ளைகளில் யாருக்காவது ஆகும். "வந்து பேசு," என்று போனை வைத்துவிட்டாள். வளையம் என்பது வேறொன்றும் இல்லை, தரையில் மஞ்சள் பெயிண்டில் போட்டிருக்கிற வட்டம், பக்கத்தில் அதைத் தொட்டுக்கொண்டு இன்னொரு வட்டம், இரண்டும் தொடுகிற புள்ளியில் நின்று, ஒரே உந்தல், அதற்குப் பிறகு மற்ற கால் தரையில் படக்கூடாது, அதை ஆட்டி வேகம் சேர்க்கக்கூடாது, கோட்டை விட்டுச் சக்கரம் விலகக்கூடாது, உடம்பின் சாய்வு ஒன்றை வைத்தே சுற்றி வந்து அதே புள்ளியில் நிற்க வேண்டும். ஃபிகர் என்பார்கள். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். அவளுக்கு அதில்தான் உயிர். அவள் அப்பா காளீஸ்வரன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், ஸ்கேட்டிங்கைப் பற்றி மனுஷருக்கு ஒரு எழவும் தெரியாது, சக்கரம் கட்டிய ஷூவைத் தூரத்திலிருந்து பார்ப்பார், ஆனால் வட்டம் தெரியும். ஆணியும் கயிறும் சாக்பீஸுமாக மொட்டைமாடியில் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் சுற்றி வந்ததும் மண்டிபோட்டுக் கோட்டோரமாகவே போய்ப் பார்ப்பார், "அம்மிணி, இந்த எடத்துல முட்டையாயிருச்சு," என்பார், அவ்வளவுதான் அவருடைய பாடம், முட்டை. வட்டம் முட்டையாகாமல் வந்த அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டார், அம்மாவிடம் காப்பி போடச் சொன்ன சத்தம் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம் ரிங்க்கில் பையன்கள் வேகமாகச் சுற்றுவார்கள், இடதுபக்கமாகவே சுற்றுவார்கள், இடது காலில் சாய்ந்து வலது காலைத் தூக்கி முன்னால் போட்டு, சக்கரம் கத்துகிற கத்தலில் வாதாம் மரத்துக் காக்கா எல்லாம் எழும்பும், ஒருநாள் அவளும் குனிந்தாள், ஓடினாள், காற்று காதுக்குள் புகுந்து மூளையைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு வந்தது வினை. ஃபிகர் சொல்லிக்கொடுக்கிறவர்கள், "மாடாட்ட ஓடறே, முதுகு கோணிப்போயிரும், வளையம் வராது," என்றார்கள். ஸ்பீடு ஆட்கள், "டான்ஸ்காரி வந்துட்டா, வழி உடுங்கடா," என்றார்கள். இரண்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இரண்டு வீட்டிலும் சோறு இல்லை என்கிற கதையாக இருந்தது கொஞ்ச காலம். ஆனால் அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவள் இடது பாதத்துக்குத் தெரிந்திருந்தது, ஓடுகிறபோது அவள் ஓடவில்லை, ஒரு பெரிய வளையத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் திருப்பத்தில் வெளியே வீசப்படுகிறபோது அவள் கோட்டோடு ஒட்டிக்கொண்டு போனாள். வளையத்தில் நிற்கிறபோது அவள் நிற்கவில்லை, மற்றவர்களுக்கு முக்கால் வட்டத்தில் செத்துப்போகிற வேகம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது, அந்த ஒரே உந்தலில் பந்தயக்காரியின் தொடை இருந்தது. இரண்டும் ஒரே கால். இரண்டும் இந்த இடுப்பு. இதைத்தான் கொண்டுபோய் ஒடித்தாள்.

எல்லாம் ஆரம்பித்தது கல்யாணத்துக்கு முன்னால், விசாகப்பட்டினத்துப் போட்டியில். இரண்டு பிரிவிலும் பெயர் கொடுத்திருந்தாள், ஒரே நாளில் இரண்டும், இருந்தது ஒரே ஜோடி ஷூ. பணக்கார ஊர்ப் பெண்கள் ஃபிகருக்கு ஒன்று ஸ்பீடுக்கு ஒன்று என்று பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். வளையத்துக்கு ஷூ தளர்வாக இருக்கவேண்டும், அடித்தட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு ரப்பர் இருக்கிறது, அதைப் பிடித்திருக்கிற நடு நட்டைத் தளர்த்தினால் கால் சாய்கிற பக்கமெல்லாம் சக்கரம் திரும்பும், சொன்ன பேச்சைக் கேட்கும். ஓடுவதற்கு இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் அச்சு நடுங்கும். நடுவில் இருந்த நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், வளையத்தில் முதலாவதாக வந்தது நெஞ்சுக்குள் இன்னும் இறங்கவில்லை, ஸ்பேனர் நட்டில் உட்காராமல் நழுவிக்கொண்டே இருந்தது. கோயமுத்தூர் ஸ்பீடு டீம் பையன், எப்போதும் கடைசி வரிசையில் பேசாமல் நிற்கிறவன், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்து யாருக்கும் பெயர் ஞாபகம் இல்லாதவன், வந்து எதிரே மண்டிபோட்டான். "காலக் குடுங்க," என்றான். வாங்க போங்க என்றுதான் பேசினான் அப்போது. ஷூவோடு காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஸ்பேனரை மாட்டி, தலையைத் தூக்காமல், "எத்தனை சுத்து?" என்று கேட்டான். அவளிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எப்படி ஓடவேண்டும், எப்படி நிற்கவேண்டும், எதை விடவேண்டும் என்று சொன்னவர்கள்தான் எல்லோரும். உனக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒருத்தன் கேட்கிறான். சொன்னாள். அவன் இறுக்கினான். இறுக்கிவிட்டுக் கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டிவிட்டான், அது ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டுபேரும் அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டால் அவளால் சரியாகச் சொல்ல முடியாது, ஒரு கூச்சல், ஒரு கயிறு நெஞ்சில் பட்டது, யாரோ தூக்கினார்கள். அந்தச் சக்கரம் சுற்றியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ வருஷம், எத்தனையோ மரத்தடி, "எத்தனை சுத்து?" என்று கேட்காமல் அவர் ஸ்பேனரைத் தொட்டதில்லை, வேறு யாரையும் தன் ஷூவை அவள் தொடவிட்டதும் இல்லை. நேற்றுக் கேட்டாரா? கேட்கவில்லை. இன்றைக்கு வளையம்தான் என்று தெரியும், அதனால் கேட்கவில்லையாக இருக்கும். முன்னால் பிரேக்காக இருக்கிற ஸ்டாப்பரைக்கூடக் கழற்றியிருந்தார், வளையத்தில் அது தரையை உரசும்.

வலதும் கட்டியாயிற்று. ஃபிலோ துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வேலிக் கம்பிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள், அந்த வயதில், அந்த உடம்போடு. "கர்த்தரே, கம்பி தாங்கோணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எழுந்தாள். எழுந்ததும் உலகம் நாலு விரல் கீழே போயிற்று, அது பழைய சந்தோஷம், உயரமாகிற சந்தோஷம், அதை அனுபவிக்க விடாமல் உள்ளங்காலுக்குக் கீழே தரை நகர்ந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் பிடித்துப் பிடித்துக் கைக்குப் பழகிவிட்டது. கம்பியைப் பிடிக்கிற கை சாம்பியன் கை இல்லை, பஸ்ஸில் போகிறவள் கை. விடு. ஒரு விரல், இன்னொரு விரல். விட்டாள். மஞ்சள் வட்டத்தை நோக்கி மெதுவாக, இரண்டு காலிலும் பாரத்தைப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு, உருண்டாள், சக்கரத்தின் சத்தம், கர்ர் என்று அடித்தொண்டையில் பூனை மாதிரி, இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, கண்ணைக் கரிக்கிறது, இப்போது அழுதால் கோடு தெரியாது. கோட்டில் ஏறினாள். சும்மா, உந்தாமல், இரண்டு காலில் நின்றபடியே இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்து பார்க்கலாம், கோடு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். சாய்ந்தாள். ஷூ சாயவில்லை. கோடு இடதுபக்கம் வளைந்து போயிற்று, அவள் நேராகப் போனாள். திரும்பவும் வந்தாள், சாய்ந்தாள், கணுக்காலுக்குச் சொன்னாள், முழங்காலுக்குச் சொன்னாள், இடுப்புக்குக் கெஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை, கோடு ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம். இதுதான். டாக்டர் நடக்கலாம் என்றுதான் சொன்னார், மாடி ஏறலாம், கோயிலுக்குப் போகலாம், சாயலாம் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, டாக்டரிடம் போய், ஐயா, சாய முடியுமா என்று யார் கேட்பார்கள். மூளை சொல்கிறது, கால் கேட்கவில்லை, நடுவில் ஒரு கம்பி, எல்லா இடத்திலும் கம்பி, வீட்டுச் சுவரில், இடுப்புக்குள்ளே, அவர் திருகியது பாதி டாக்டர் திருகியது பாதி. பரவாயில்லை. பெஞ்சில் வைத்துவிட்டுப் போவோம். ஃபிலோவின் வகுப்பில் ஒல்லியாக ஒரு பெண் இருக்கிறாள், ஓடுகிறபோது நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடுவாள், அவளுக்குச் சரியாக இருக்கும். அப்பா இருந்திருந்தால் மண்டிபோட்டு என்ன சொல்லியிருப்பார், அம்மிணி, இது முட்டைகூட இல்லை, நேர்கோடு. ஃபிலோ சும்மா இருக்கிறாள் என்பதுதான் பயமாக இருந்தது, அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது அவளுடைய அம்மா செத்த அன்றைக்குத்தான். திரும்பிப் போகவேண்டும், பெஞ்சு வலதுபக்கம் இருக்கிறது, வலதுபக்கம் சாய்ந்து திரும்ப வேண்டும், அது நல்ல கால், ஒடியாத கால், சாய்ந்தாள். அதுவும் சாயவில்லை.

நின்றாள். வலது கால் எதற்குச் சாயாது? வலது காலுக்கு என்ன கேடு? அதற்குள் கம்பி கிடையாது, அது எங்கும் விழவில்லை. வேலிவரை உருண்டு போய், குனிந்து, கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, வலது ஷூவின் அச்சை இன்னொரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கல். இடதை ஆட்டினாள். அதுவும் கல். ரப்பர் நசுங்கிப் பிதுங்குகிற அளவுக்கு இறுக்கியிருந்தது, ஓடுவதற்குக்கூட இப்படி இறுக்கமாட்டார்கள், முதல்முதலாகச் சக்கரம் கட்டுகிற பிள்ளைகளுக்குத்தான், தள்ளாடாமல் நிற்கட்டும் என்று இப்படி இறுக்கிக் கொடுப்பார்கள். அவளுக்கு, அமராவதிக்கு. முதலில் கோபம் வந்தது, காது மடல்வரை சுட்டது, அந்தக் கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று, கால் கேட்கிறது, கால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நட்டுதான் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவர் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அதில் எங்கே போல்ட் விட்டிருக்கிறது என்று எண்ணுகிறவர் மாதிரி.

"ஏனுங்க."

"ம்."

"நேத்து நட்டை எத்தனை சுத்து வெச்சீங்க?"

கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாத்து வெச்சேன்," என்றார்.

"இதா பாத்து வெச்சது? செவுத்துல அடிச்ச ஆணியாட்டம் நிக்குது. நான் என்ற காலுதான் போச்சுன்னு நெனச்சுட்டேன்."

அதைக் கேட்டதும் சட்டென்று திரும்பினார். அந்த முகம், குளியலறைக் கதவில் நின்ற முகம், அப்படியே. "காலுக்கு என்னாச்சு? வலிக்குதா?"

"வலிக்கல. சாயல."

"சாய வேண்டாம்னுதான்," என்றார். குரல் எழும்பவே இல்லை. "சாஞ்சாத்தான அம்மிணி உழுவே."

ஃபிலோ கம்பிமேலிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அய்யோ அண்ணா! ஸ்டாப்பரையும் கழட்டியாச்சு, நட்டையும் இறுக்கியாச்சு. திரும்பவும் முடியாது, நிக்கவும் முடியாது. இந்த ஷூ என்னதான் செய்யும்னு நெனச்சீங்க?"

அவர் ஃபிலோவைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். பட்டறையில் ஒரு பாகத்தைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு, முதலாளியாகிய தானே அதைப் பூட்டினோம் என்று தெரிகிறபோது ஒரு மாதிரி மூக்கைச் சொறிவார், அப்படிச் சொறிந்தார். அமராவதிக்குத் தெரியும், அவர் இப்போதுதான் அதைப் பார்க்கிறார். ராத்திரியெல்லாம் அந்த ஷூ சாயாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் நினைத்து நினைத்து இறுக்கியிருக்கிறார், சாயாத ஷூவுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு, அது நேராகப் போகும், வேகமாகப் போகும், அவளை விழாமல் வைக்கிறேன் என்று அவளைப் பந்தயத்துக்குத் தயார் பண்ணிவிட்டார், ஸ்பீடு டீம் பையன், கடைசி வரிசைக்காரன், புத்தி அங்கேதான் போகும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையில் ஆரம்பித்து இடுப்புவரை போயிற்று, இடுப்பு வலித்தது, நல்ல வலி. ரிங்க் அவள் முன்னால் நீளமாகக் கிடந்தது, ஃபிலோ கூட்டி வைத்த தரை, இலை இல்லை, குச்சி இல்லை, எதிர் வேலிவரைக்கும் ஒரே வழவழப்பு, கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வளையம்தான் என்று பேச்சு. பேசினது அவள், அவளே மாற்றிக்கொள்ளலாம். வளையத்துக்கு முதல் தேவை வளையம் இல்லை, அந்த உந்தல். அந்த ஒரே உந்தலைத்தான் ஒரு வருஷமாக எண்ணி எண்ணிப் படுத்திருந்தாள், இரவில் போர்வைக்குள் பாதத்தை நீட்டிக் கட்டில் சட்டத்தில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்திருந்தாள். இடது காலை லேசாக வெளிப்பக்கம் திருப்பினாள். எலும்புக்குள் கம்பி இருக்கிற இடத்தில் ஒரு கேள்வி எழுந்தது, டப், அந்தச் சத்தம் வரப்போகிறதா, வரட்டும், வந்தால் வரட்டும், இல்லை வரவேண்டாம், சாமி, வரவேண்டாம்.

"அமரு," என்றார் அவர். "அமரு, இரு. ஸ்பேனர் இருக்குது. இரு நான்..."

உந்தினாள்.

டப் வரவில்லை. தொடை இறுகியது, விரிந்தது, பாரம் இடதிலிருந்து வலதுக்கு ஒரு குடம் தண்ணீரை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றுகிற மாதிரி சிந்தாமல் மாறியது, காற்று வந்தது, முதலில் நெற்றியில், பிறகு காதுக்குள், பழைய காற்று, மூளையைக் கழுவுகிற காற்று, சக்கரம் பூனையாக இருந்தது போய் கத்தத் தொடங்கியது. பக்கத்தில் வேறு ஒரு சத்தம், தட் தட் தட் என்று, ரப்பர் செருப்புச் சத்தம், ஓரக்கண்ணில் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் தெய்வசிகாமணி ஓடிவருகிறார், வேட்டியை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு தோள் இறங்கினபடி, வாய் திறந்து, அவர் இப்படி ஓடி அவள் பார்த்தே எவ்வளவோ காலம், வேலியில் இருக்கிற திறப்பு வழியாக உள்ளே வந்துவிட்டார், ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, அவளுக்கு முன்னால் போய்விட ஓடுகிறார், எதிர் வேலி வந்துகொண்டிருந்தது, திரும்ப முடியாது, வலது காலைக் குறுக்கே போட்டு இழுத்து நிறுத்தலாம், நிறுத்தினால் மொத்தப் பாரமும் இடது இடுப்பில் வந்து உட்காரும், அதற்கு இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு அது செய்தது போதும். ஃபிலோ பின்னாலிருந்து, "அண்ணா, உடாதீங்க, உடாதீங்க," என்று கத்தினாள், அவளைப் பிடிக்கச் சொல்கிறாளா பந்தயத்தில் விட்டுக்கொடுக்காதே என்கிறாளா தெரியவில்லை. அவர் வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவளைவிட ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டார். வேலிக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து, இரும்பு இல்லை, வெறும் கை, நின்றார். அவள் போய் அதில் மோதினாள். கம்பி வேலி முழுக்க ஒருதரம் அதிர்ந்து நின்றது. மண்ணெண்ணெய் வாசம், வியர்வை, அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் நெற்றியில் கேட்டது, யாரும் விழவில்லை.

"பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?" என்றார்.

"நீங்கதான இறுக்கி உட்டீங்க."

"ஏண்டி," என்று ஃபிலோ அந்தக் கோடியிலிருந்து கூவினாள், கம்பியிலிருந்து இறங்கத் தெரியாமல் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. "வளையம் வரலையில்ல? அப்ப ஷூ எனக்குத்தான?"

"உன்ற காலுதான் படகாச்சே!" என்று அமராவதி திருப்பிக் கூவினாள். குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது, தன் குரல்தானா என்று இருந்தது.

அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அதைக் கொண்டுதான் வந்திருக்கிறார். வீட்டிலிருந்தே கொண்டுவந்து, இந்த நேரம் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், அவள் கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் செருப்பில்லாமலுமாக எதிரே மண்டிபோட்டார், முழங்கால் சடக்கென்றது, இடது காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார், ஸ்பேனரை நட்டில் மாட்டினார். மாட்டிவிட்டுத் திருகாமல் வைத்திருந்தார். உச்சியில் முடி கொட்டிப்போன இடத்தில் வெயில் ஒரு காசு விழுந்து ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு, தலையைத் தூக்காமல், "எத்தனை சுத்து?" என்றார்.